நானூற்று அறுபத்து மூன்று நாள்

மதினி, இன்று காலை பூசை அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் நோட்டு கையில் வந்தது. பிரித்தேன், சூடமும் திருநீறும் கலந்த உங்கள் வாசனை. 'ஓம் முருகா, ஓம் முருகா' என்று வரிசையாகப் போய், ஒரு பக்கத்தின் நடுவே நின்றுவிடுகிறது. பிறகு வெள்ளைத் தாள்.

நாம் இருவருமாக லட்சத்து எட்டு தடவை எழுதி, கழுகுமலையில் முருகன் காலடியில் வைப்போம் என்றீர்கள். எதற்கென்று நீங்கள் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா சொன்னால் செய்வதுதான், நானும் கேட்கவில்லை. பங்கு பிரிப்பதை என்னிடம் விட்டீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். மகனின் பழைய கணக்குப் புத்தகங்களை அடுப்படியில் வைத்து நானாகப் படித்தவள். அந்த எண்ணைப் பிரித்தபோது மெய் சிலிர்த்தது. ஆயிரத்தெட்டை நூற்றெட்டால் வகுத்தால் முப்பத்தாறு மிஞ்சும். பத்தாயிரத்தெட்டில் எழுபத்திரண்டு மிஞ்சும். லட்சத்து எட்டில் ஒன்றுமே மிஞ்சாது. தொள்ளாயிரத்து இருபத்தாறு நூற்றெட்டுகள். அதில் பாதி நானூற்று அறுபத்து மூன்று. அதற்குமேல் எதனாலும் வகுபடாத எண்.

"ஆளுக்கு தெனம் நூத்தெட்டு. நானூத்தி அறுபத்தி மூணு நாள். முருகனே போட்ட கணக்கு மதினி!"

இடைசெவலிலிருந்து மழையில் வந்திருந்தீர்கள். வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பில் அப்பிய கரிசலைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே கேட்டீர்கள்: "ஏட்டி, ரெட்டிப்பா எழுதினா சீக்கிரம் முடிஞ்சிரும்லா?"

"எரநூத்தி முப்பத்தொண்ணரை நாள் வருது. அரை நாள் தொங்கும்."

"தொங்கினா முருகன் கோவிச்சுக்கிடுவானாக்கும்? அன்னைக்கு அரை நாள் லீவு விட்டுருவோம்."

நான் சிரிக்கவில்லை. "முழுசா வாரதைக் கெடுக்கக் கூடாது மதினி."

"சரிட்டி. கணக்குக்காரி சொன்னா அப்பீல் ஏது?"

வயிற்றில் கட்டி இருப்பது அன்றைக்கே உங்களுக்குத் தெரியும். எல்லாம் முடிந்த பிறகுதான் உங்கள் வீட்டு அண்ணாச்சி சொன்னார்: "அவளுக்கு மொதல்லயே தெரியும்மா. தன் கையால கொண்டுபோயி வச்சிரணும்னு சொல்லிக்கிட்டே கெடந்தா."

முந்நூற்று ஒரு நாள் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னபடி எழுதியிருந்தால் இருநூற்று முப்பத்திரண்டாம் நாளே முடிந்திருக்கும். கடைசி நாளில் மட்டும் ஆளுக்கு நூற்றெட்டு, அவ்வளவுதான். எண்ணுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அதற்குப் பிறகும் அறுபத்தொன்பது நாள் இருந்தீர்கள். அதில் முதல் இரண்டு வாரம் பருத்திக்காட்டுக்கே நடந்து போனீர்கள். கழுகுமலைக்கு பஸ்ஸில் போய்வர ஒரு காலைப்பொழுது போதுமே.

என் பங்கு முடிந்துவிட்டது. உங்களுடைய மீதி நூற்று அறுபத்திரண்டு நாளை நானே எழுதலாம் என்கிறார் அண்ணாச்சி. பேனாவை எடுத்துப் போனேன். உங்கள் கடைசி வரிக்குக் கீழே என் கை இறங்கவில்லை.

வேறொரு நோட்டில் எழுதுகிறேன். எண்ணுவதில்லை என்று முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன். ஆனாலும் நூற்றெட்டில் கை தானாக நிற்கிறது. நின்றதும் நீங்கள் எதிரே இருந்து கேட்கிறீர்கள்: "ஏட்டி, இன்னுங் கொஞ்சம் எழுதேன்."

எழுதுகிறேன் மதினி. எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.