ஹத்து என்றார் படகோட்டி

இன்று காலை நீச்சல்குளத்து வாசலில் என் கார் டயர் பஞ்சர். விஜயநகரில் நாம் இருவரும் வழக்கமாக வண்டி நிறுத்துவோமே, அதே புங்கமரத்தடிதான். பஞ்சர் கடைக்காரர் ஸ்டெப்னி எடுப்பதற்காக டிக்கியைத் திறந்து கார்ப்பெட்டைத் தூக்கினார். டயரின் நடுக்குழியில் கையை விட்டு எதையோ எடுத்து என்னிடம் நீட்டி, இது உங்கள் வீட்டுக் குழந்தையுடையதா என்று கன்னடத்தில் கேட்டார்.

கடலுக்குள் பார்ப்பதற்குப் போடும் மாஸ்க் அது. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற வகை. நீலநிறம், சின்னது, ஏழெட்டு வயதைத் தாண்டிய பிள்ளையின் முகத்துக்குப் பொருந்தாது. வாரில் மூக்கை வைத்துப் பார்த்தேன். ரப்பர் வாசனைக்கு மேலே தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. கண்ணாடியின் உட்பக்கம் பனித்திருந்தது, உள்ளே யாரோ இப்போதுதான் மூச்சு விட்டதுபோல. விரலால் துடைத்தேன். ஸ்டெப்னி மாட்டி முடிப்பதற்குள் மறுபடியும் பனித்துவிட்டது.

நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இன்று உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பயணத்துக்குக் கிளப்பிவிட்டவளே நீதான். காலை பேட்ச்சில் நாம் ஒன்பது பெண்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் பாதிப் பேர். ஐம்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொண்டு, குளத்தின் நீளத்தை மூச்சு வாங்காமல் கடந்ததும் நமக்குத் தலைகால் புரியவில்லை. கார்வார் பக்கம் தனிப்படகு பேசிக்கொண்டு போகலாம், தீவு தீவாக நிறுத்துவார்கள், மாஸ்க் போட்டு மிதந்தபடியே மீன் பார்க்கலாம் என்று நீ சொன்னபோது நான் நம்பவேயில்லை. தண்ணீரில் முகத்தை வைக்கவே ஒரு மாதம் அடம்பிடித்தவள் நீ. குளத்துச் சுவரைப் பிடித்த கையை விடச் சொன்னால் கோச்சையே முறைத்தவள். உனக்கு எங்கிருந்து இந்தக் கடலாசை என்று கேட்டதற்கு, "போகோணும் புள்ள, அவ்வளவுதான்" என்றாய். எல்லையோரக் கிராமமான உன் கௌதள்ளியின் தமிழில் 'அவ்வளவுதான்' வந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

படகேறும் அன்று காலை லாட்ஜ் அறையில் நீ தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத் திகைத்துப்போனேன். உன் தலையில் எண்ணெய் பட்டு நான் பார்த்ததே கிடையாது. உன் முடி எப்போதும் காய்ந்து பறக்கும், எண்ணெய் வாசனையே எனக்கு ஆகாது என்பாய். அன்று உச்சியிலிருந்து வழிய வழிய வைத்திருந்தாய். உள்ளங்கைகளிலும் தேய்த்திருந்தாய்.

"ஏன்டீ, கடல்ல இறங்கப் போறவ எண்ணெய் தேய்ப்பாளா? மாஸ்க்கு நழுவிடும். மீனு வறுக்கறதுக்கு நீயே எண்ணெய் கொண்டு போறியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டாய்.

படகோட்டி நரைத்த மீசைக்காரர். அவரை எல்லோரும் 'அண்ணா' என்றோம். பேச்சு குறைவு, கண்டிப்பு அதிகம். லைஃப் ஜாக்கெட்டின் பெல்ட்டை ஒவ்வொருவரிடமும் இழுத்துப் பார்த்தபிறகுதான் இன்ஜினைக் கிளப்பினார். மாஸ்க்கின் உள்ளே எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவினால்தான் பனிக்காது என்று அவர் செய்துகாட்டியபோது நமக்குக் குமட்டியது. "எச்சித் துப்புனதையா மூஞ்சில மாட்டறது?" என்று நீ கேட்டாய். பிறகு மற்றவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நீதான் துப்பினாய்.

முதல் தீவில் வெயிலும் சிரிப்புமாக இருந்தது. மஞ்சள் கோடு போட்ட மீன்கள் நம் விரலிடுக்கில் புகுந்து போயின. ஏணி வழியாக நாம் ஒவ்வொருவராக மேலே வர, படகோட்டி தலையைத் தொடாத குறையாகக் கைநீட்டி எண்ணினார். ஒந்து, எரடு, மூறு என்று தொடங்கி ஒம்பத்து வரை. ஒன்பது வந்ததும் கயிற்றை அவிழ்த்தார். நானும் கூடவே மனதுக்குள் எண்ணினேன். வாத்தியாரம்மா புத்தி, எங்கே போகும்?

இரண்டாவது தீவில் கரையே கிடையாது. கடலுக்குள்ளிருந்து கரும்பாறை நேராக எழும்பி நின்றது. ஒரு பறவை இல்லை. பாறையின் நிழல் விழுந்த பக்கத்தில் படகு நின்றது. இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் பாறையின் பொந்துக்குள் போய்த் திரும்பி வரும் சத்தம் மட்டும் கேட்டது. இறங்கியதும் குளிர் முழங்காலைப் பிடித்தது. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. மேலேறிவிடலாம் என்று உன்னைத் தேடினேன். நீ பாறையை ஒட்டித் தனியாக மிதந்துகொண்டிருந்தாய்.

தண்ணீருக்குள் முகத்தை வைத்து உன்னைப் பார்த்தேன். அன்று பார்த்ததை உன்னிடம்கூட நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன் வலது கை துழாவிக்கொண்டிருந்தது. இடது கை கீழ்நோக்கித் தொங்கியிருந்தது. அதன் விரல்கள் மூடியிருந்தன, எதையோ பிடித்திருப்பதுபோல. அந்தக் கைக்குப் பக்கத்தில், ஒரு முழம் கீழே, சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. நாம் வாயில் கவ்விய குழாய் வழியாக மூச்சு விடுகிறவர்கள், நம் மூச்சு மேலே காற்றோடு போய்விடும். தண்ணீருக்குள் குமிழி வர வழியில்லை. அங்கே மீன் இல்லை, பாசி இல்லை, ஆள் இல்லை. விட்டு விட்டு, ஒரே சீராக, குமிழி வந்தது. நான் தலையைத் தூக்கிப் படகைப் பார்த்துக் கையைக் காலை அடித்துக்கொண்டு நீந்தினேன்.

கடைசியாக ஏறியவள் நீ. "ஒம்பத்து" என்று படகோட்டி எண்ணியதை என் காதால் கேட்டேன். கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவர் நிமிர்ந்தார். ஏணியருகே திரும்பப் போனார். தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டி, "ஹத்து" என்றார்.

கன்னடத்தில் பத்துக்கும் ஹத்துதான், ஏறு என்பதற்கும் ஹத்துதான். வாழ்நாளெல்லாம் கன்னடம் கற்றுக்கொடுத்த எனக்கு அந்த இடத்தில் எதுவும் ஓடவில்லை. எண்ணினார் என்றால் நாம் ஒன்பது பேர்தான். ஏறச் சொன்னார் என்றால் ஏற யாரும் பாக்கி இல்லை. இன்னொன்றும் உறுத்தியது. காலையிலிருந்து நம்மிடம் அவர் 'ஹத்தி, ஹத்தி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்கு ஹத்தி, ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஹத்தி. 'ஹத்து' என்பது வீட்டுப் பிள்ளையிடம் சொல்வது.

ஏணி ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு அவர் இன்ஜினைக் கிளப்பினார்.

நீ என் தோளைத் தட்டி, "நகுந்து உக்காரு புள்ள" என்றாய்.

"தாராளமா இடம் இருக்கேடீ."

"இருக்குது. நகுந்துக்க."

நகர்ந்தேன். நமக்கு நடுவில் ஒரு சாண் பலகை காலியாக இருந்தது. நீ அதன்மேல் உன் துண்டை விரித்தாய். கரை சேருவதற்குள் அந்தத் துண்டு நனைந்து சொட்டியது. அலை தெறித்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பக்கமோ காய்ந்துதான் கிடந்தது.

இறங்கும்போது படகோட்டி தன் கறுப்பு மாஸ்க்குகளைக் கூடையில் வாங்கிக்கொண்டார். எதுவும் குறையவில்லை. நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன், அண்ணா, நீங்கள் சொன்ன ஹத்து எந்த ஹத்து என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த உன்னைப் பார்த்தார். "ஆயிதல்ல மேடம், பிடி" என்றார். ஆகிவிட்டதல்லவா, விடுங்கள்.

திரும்பும் வழியில் மற்றவர்கள் வேனில் வந்தார்கள், நீ மட்டும் என் காரில். மலைப்பாதை ஏறி முடிந்த பிறகு நீயாகவே வாயைத் திறந்தாய். உன் தம்பி சின்ன வயதில் காய்ச்சலில் போய்விட்டான் என்றுதான் அதுவரை என்னிடம் சொல்லியிருந்தாய்.

"காச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க தோட்டத்துக் கெணறு. எண்ணெ தேச்சுக் குளிக்கற நாளு. அம்மா ரெண்டு பேருக்கும் வெச்சுத் தேச்சு உட்டுச்சு. குளிச்சுப்போட்டு நான் மொதல்ல படியேறிட்டேன். அவன் கையப் புடிச்சு மேல இழுத்தேன். என்ற கையும் எண்ணெ, அவன் கையும் எண்ணெ." உள்ளங்கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டாய். "வழுக்கிருச்சு புள்ள. நான் மேல நின்னுக்கிட்டு, ஏறுடா, ஏறுடான்னு கத்தறேன். கெணறே எனக்குத் திருப்பிக் கத்துது. கெணத்த அப்பவே மூடிட்டாங்க, ஆனா தண்ணியெல்லாம் கடைசீல கடலுக்குத்தானே போவுது."

நான் வண்டியை ஓரங்கட்டினேன். அழுகிறாயா என்று பார்த்தேன். இல்லை. முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்த ஆளுக்கு எண்ணத் தெரியலை, அவ்வளவுதான். நீ மனசைக் குழப்பிக்காதே" என்றேன்.

"எங்க ஊட்டுல மொதமொதல்ல கன்னடம் பேசுனவன் அவன்தான். பள்ளிக்கொடத்துல கத்துக்கிட்டு வந்து என்னைய நக்கல் பண்ணுவான். அவரு சொன்னது அவனுக்குப் புரிஞ்சிருக்கும்." அதோடு ஜன்னலை ஏற்றிவிட்டாய். "அவரு ஹத்துன்னாரு. இவன் ஏறிட்டான். எனக்கு அது போதும்."

அதன்பிறகு நீ என் காரில் ஏறிய ஒவ்வொரு தடவையும் பின்கதவைத்தான் முதலில் திறந்தாய். சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்று, சாத்திவிட்டு, முன்னால் வந்து உட்கார்ந்தாய். "இதென்ன ஆட்டோ ஸ்டாண்டா?" என்று சீண்டினேன். "இரு புள்ள, ஏறட்டும்" என்றாய், பால் பொங்கட்டும் என்பதைப்போல. உன்னை டாக்டரிடம் காட்டச் சொல்லலாமா என்று உன் கணவரிடம் பேச்செடுக்க நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். ஏனென்றால் நீ நன்றாகத் தூங்க ஆரம்பித்திருந்தாய். தலைக்கு எண்ணெய் வைத்துப் பூகூட வைத்துக்கொண்டாய். அந்த வயதில் அப்படி ஒரு களை உனக்கு. பயந்துகொண்டே சந்தோஷப்பட்டேன்.

நீ போனது கிணற்றிலும் இல்லை, கடலிலும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், வெயில் சாயாத மத்தியான வேளையில், இருதயம் களைத்துப் போனாய். உன் கணவர் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். விரலில் கிளிப் மாட்ட வந்த நர்ஸ், "இந்தக் கையைத் திறக்கவே மாட்டேங்கறாங்களே" என்று உன் இடது கையை விட்டுவிட்டு வலது கையில் மாட்டினாள். அவள் வெளியே போகும்போது கதவைச் சாத்தப் போனாள். "கதவ மூடாத" என்றாய். நீ சொன்ன கடைசி வார்த்தை அது.

அந்த இடது கை எதைப் பிடித்திருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய் என்பதுதான் காரணம்.

ஸ்டெப்னி மாட்டும்வரை இந்த நீல மாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். இது படகோட்டியுடையது இல்லை. நம் ஊர் விளையாட்டுச் சாமான் கடையின் விலைச்சீட்டு ஓரத்தில் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, கிளம்புவதற்கு முன்பே வாங்கி வைத்து, திரும்பும்போது என் டிக்கியில் ஒளித்திருக்கிறாய். மீன் பார்க்கவா வந்தாய் நீ, கள்ளி! அழைத்து வரத்தான் வந்திருக்கிறாய். வழுக்கிய அதே எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு, இந்தமுறை விடுவதில்லை என்று இறங்கியிருக்கிறாய். ஒன்றை மட்டும் மறந்துவிட்டாய். துப்பித் தேய்க்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. அதனால்தான் இது இன்னும் பனிக்கிறது.

இந்தப் பேய்க்கதைகளை நம்புகிற ஆள் நான் இல்லை. அது உனக்குத் தெரியும். வாரைச் சுற்றி மாஸ்க்கை டிக்கியிலேயே திரும்ப வைத்தேன். பஞ்சர் கடைக்காரர் போன பிறகு, தெருவில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, காரின் பின்கதவைத் திறந்தேன்.

என்ன சொல்வது என்று அங்கேதான் தடுமாறினேன். உனக்கு மரியாதை ஒரு கேடா, ஒருமையே அதிகம். ஆனால் நீங்கள் இப்போது இரண்டு பேர்.

"ஹத்தி" என்றேன்.

எண்ணெய் வாசனை என்னைக் கடந்து உள்ளே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.