பரீட்சை முடிந்த பகல்

நண்பா,

இன்று ஜொகூரின் லாயாங் லாயாங் ஸ்டேஷனில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய மருந்துப் பெட்டிக்காக நின்றிருந்தேன். சிங்கப்பூர் ரயிலிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருவன் என்னை உரசிக்கொண்டு போனான். பிராந்தி வாடை. பெட்டி எப்போது வந்தது, எப்படி வாங்கினேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

நீ குடிப்பவன் அல்ல. பரீட்சை நாளில் காலையில் காப்பிகூடக் குடிக்கமாட்டாய். "வயிறு நிறைஞ்சா மூளை தூங்கிடும்டா" என்பாய். கடைசிப் பரீட்சை அன்றும் அப்படித்தான் வெறும் வயிற்றோடு எழுதினாய். எனக்கு மறுநாளும் ஒரு பரீட்சை பாக்கி. நான் சிங்கப்பூர் விடுதியிலேயே தங்கிவிட்டேன். நீ நம் வகுப்பு நால்வரோடு ரயிலேறி ஜொகூர் பாருவுக்குப் போனாய். அவர்களில் ஒருவனுடைய அப்பா ஊரில் இல்லை. வீடு காலியாக இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் அவர்களே சொல்லித்தான் எனக்குத் தெரியும். சோறு வேகுமுன் பிராந்திப் போத்தலைத் திறந்திருக்கிறார்கள். நீ வேண்டாம் என்றிருக்கிறாய். ஒரே மூச்சில் ஒரு கிளாஸ் குடித்தால்தான் ஆம்பிளை என்று கைதட்டியிருக்கிறார்கள். குடித்தாய். இன்னொன்று ஊற்றினார்கள். உன் பேச்சு குழறியதும் சிரித்தார்கள். நீ சரிந்ததும் தூக்கிக் கட்டிலில் மல்லாக்கப் போட்டார்கள். "தூங்குனா தெளிஞ்சிடும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது வாந்தி தொண்டையை அடைத்து, நீ குளிர்ந்து கிடந்தாய்.

ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தால் போதும். ஒருவன் பக்கத்தில் இருந்திருந்தால் போதும். அந்த நால்வரும் பட்டம் வாங்கினார்கள். ஒருவன் இப்போது பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். விருந்துகளில் இன்னும் ஊற்றிக் கொடுக்கிறானாம். உன் ஊர் பொந்தியானிலோ உன் பெயரை எடுத்தால் "குடிச்சுச் செத்தவன்" என்கிறார்கள்.

காரியம் முடிந்த அன்று உன் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். நீ குடிகாரனா என்று கேட்டார். அதுதான் முதல் தடவை என்றேன். 

"நாலு பேரு இருந்தாங்களே தம்பி. ஒருத்தனாச்சும் எம்புள்ளைக்கு மூச்சு இருக்கான்னு தொட்டுப் பாக்கலையா?"

அதற்குப் பிறகு படிப்பு ஓடவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசரானேன். சம்பளத்தன்று சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்து மயங்கியவர்களை இங்கே கொண்டுவருவார்கள். தூங்கட்டும் என்று சொல்லிக் கிளம்பப் பார்க்கும் கூட்டாளிகளை நான் விடுவதில்லை. மயங்கியவனைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். தெளிந்ததும் சிலர் கும்பிடுகிறார்கள். பலர், தங்களை ஏன் பிடித்து வைத்தேன் என்று என்னைத் திட்டிவிட்டுப் போகிறார்கள்.

திட்டட்டும். அப்படித் திட்டுவதற்கு நீ எழுந்திருக்கவில்லையே.