உடனிருப்பவர் இல்லாத கால்

அனுப்புநர்:
தையற்கடைக்காரி,
சலவைக்கடை மாடி, பின்வாசல் வழி.
(தற்போது: பெண்கள் அறுவைப் பிரிவு, படுக்கை எண் 11)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: வலது காலைக் காப்பாற்றும் சிகிச்சைக்கு உறவினர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தனியாக வசிக்கும் தையற்காரி. சர்க்கரை நோயால் இரு பாதங்களும் மரத்துப்போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் வீட்டில் நடக்கும்போதெல்லாம் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். குழாயை இறுக்கினேன். எலியோ என்று அலமாரியை நகர்த்தினேன். நான் நின்றால் அதுவும் நின்றது. மறுநாள்தான் பாதத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியது. என் கடைக் குண்டூசி ஒன்று முழுவதும் உள்ளே இறங்கி, அதன் தலை மட்டும் சிமெண்டுத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் இன்னொருவர் இருந்திருந்தால், "என்ன சத்தம் அது, காலக் காட்டு" என்று கேட்டிருப்பார். இதற்குத் தங்கள் நிர்வாகம் பொறுப்பல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2. புண் சீழ் வைத்து, இரண்டு விரல்கள் கறுத்த பிறகு இங்கே சேர்ந்தேன். ரத்தக்குழாய் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே அடைப்பு இருப்பதாகவும், பலூன் வைத்து அதைத் திறந்துவிட்டால் இரண்டு விரல்களோடு போய்விடும், கால் பிழைக்கும் என்றும் கூறினார். சந்தோஷத்தில் நான் அவர் சட்டையில் ஒரு பொத்தான் தொங்குவதைத்தான் சொன்னேன்.

3. சென்ற வாரம் திங்கட்கிழமை காலை, சிகிச்சை அறை வாசல்வரை என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே வார்டு மேற்பார்வையாளர், "கூட யாரு இருக்காங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். என் முறை அடுத்த படுக்கைக்காரருக்குப் போயிற்று. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைக்கு, உறவினர் ஒருவர் கையொப்பமிட்டு, நோயாளி காலை அசைக்காதபடி மறுநாள்வரை அருகில் இருக்க வேண்டுமாம். விதியின் நோக்கம் நல்லது. அதில் எனக்குக் குறையில்லை.

4. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன். "நான் எப்படிம்மா வர முடியும்? எடுக்கணும்னா எடுத்துடட்டும், உசுரு முக்கியம்" என்றார். பாசமாகத்தான் சொன்னார். பழைய கட்டிலை வெளியேற்றச் சொல்வதுபோல் இருந்தது. பிறகு, என்னிடம் துணி தைத்துக்கொள்ளும் ஆசிரியை ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். உறவுமுறை கேட்டபோது, "வாடிக்கையாளர்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். சித்தி மகள் என்று சொல்லியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்! நல்லவர்களை நம்பினால் இப்படித்தான்.

5. இதற்கிடையே கறுப்பு பாதத்தின் நடுப்பகுதிவரை வந்துவிட்டது. கணுக்காலைத் தாண்டினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்கிறார் மருத்துவர். அதற்கு உடனிருக்க யாரைக் கூப்பிடுவது என்று செவிலியரிடம் கேட்டேன். "அதுக்கு யாரும் வேணாம்க்கா. அவசரம்னா ரெண்டு டாக்டர் கையெழுத்துப் போட்டாப் போதும், நீங்க கவலப்படாதீங்க" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அந்தப் பெண் சொன்னது. ஆளில்லாதவள் என்பது என் காலை எடுப்பதற்குத் தடையில்லை, வைத்துக்கொள்வதற்குத்தான் தடை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

6. மாலையில் பார்வையாளர்கள் வரும்போது, "இதுல யாரும் உக்கார மாட்டாங்கள்ல?" என்று கேட்டு என் படுக்கையருகில் உள்ள நாற்காலியை எடுத்துப் போகிறார்கள். நானும் கொடுத்துவிடுகிறேன். தனிமை எனக்குப் பழக்கம். அதற்காக ஒரு காலைக் கொடுக்க வேண்டிவரும் என்று நினைக்கவில்லை. தையல் மோட்டாரை மிதிக்கும் காலும் இதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

7. வியாழக்கிழமை மறுபடி ஓர் இடம் இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். ஆகவே, அவசரம் வந்தால் எனக்காகக் கையொப்பமிடவிருக்கும் அந்த இருவரில் ஒருவர், அவசரம் வருமுன்பே, இந்தச் சிகிச்சைக்குக் கையொப்பமிடத் தாங்கள் அனுமதிக்க வேண்டுகிறேன். மறுநாள்வரை காலை அசைக்க மாட்டேன் என்று நானே உறுதி தருகிறேன். நம்பிக்கை இல்லையென்றால் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடலாம். அவிழாத முடிச்சு எப்படிப் போடுவது என்று நானே சொல்லித் தருகிறேன்.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: படுக்கை எண் 11

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தையற்கடைக்காரி

குறிப்பு: பதிலை மேலே கண்ட வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம். அங்கே வாங்க ஆளில்லை.