அடுத்த பங்கிலாபத் திகதி

புகையிலைக் கம்பனியின் ஆண்டறிக்கை இன்று காலைத் தபாலில் வந்தது. வழுவழுத்த தாள், புது மையின் வாசனை. நீங்கள் இருந்திருந்தால் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்பக்கத்திலிருந்து பிரித்திருப்பீர்கள். வழக்கு, வரி, வரக்கூடிய சட்டம் எல்லாவற்றையும் பின்னால் சிறிய எழுத்தில்தான் போடுவார்கள் என்பீர்கள். நானும் இப்போது அப்படித்தான் படிக்கிறேன். இம்முறை அந்தப் பகுதி நீண்டிருக்கிறது.

கல்யாணமாகிக் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தபோது முதல் பங்குகளை என் பெயரில் வாங்கினீர்கள். சூதாட்டம் பாவம் என்று கொன்வென்டில் படித்தவள் நான். முகத்தைச் சுளித்தேன்.

"இது சூதில்லை, இஞ்சேரும். சட்டம் வரும், சட்டம் வரும் எண்டு சனம் பயப்பிடுறதாலதான் மலிவாக் கிடைக்குது. என்ன சட்டம் வந்தாலும் பத்துறவன் பத்துவான்."

சொல்லிவிட்டு நீங்களும் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தீர்கள். "எங்கட கம்பனி. நான் ஊதுறதில ஒரு பங்கு உமக்குத்தான் திரும்பி வருது." நான் சிரிக்கவில்லை. சாம்பலுக்குச் சோசரை நகர்த்தி வைத்தேன். அந்த வருமானத்தைச் சேர்த்துத்தான் பிறகு வெள்ளவத்தையில் இந்த மாடிவீட்டுக்கு வந்தோம்.

எனக்கு நீங்கள் கற்பித்த விதி ஒன்றுதான். குறித்த திகதியில் பங்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே பங்கிலாபம் என்கிற டிவிடென்ட். அதற்கு முதல்நாள் விற்றாலும் கிடையாது. "திகதிக்கு முன்னால விக்கிறவன் மடையன்" என்பீர்கள்.

ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, நீங்களே அந்த விதியை மீறச் சொன்னீர்கள்.

"அந்தப் பங்குகளை வித்துப்போடும்."

"ஏன் இப்ப?"

"அந்தக் காசில நீர் சாப்பிடுவீர் எண்டு நினைச்சுக்கொண்டு என்னால போகேலாது."

"பத்து நாள் பொறுங்கோ. டிவிடென்ட் திகதி முடியட்டும். திகதிக்கு முன்னால விக்கிறவன் ஆர் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

சிரிக்கப் பார்த்தீர்கள். இருமல்தான் வந்தது. "என்னை வெண்டிட்டீர்" என்றீர்கள். விற்பதற்குத் தரகருக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமாக இருந்திருக்கும். நான் உங்கள் தலையணையைச் சரிசெய்தேன். ஆறாம் நாள் போய்விட்டீர்கள்.

பங்கிலாபம் உங்கள் முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு முன்னரே வங்கிக்கு வந்துவிட்டது. அன்று வந்தவர்களுக்கு அந்தப் பணத்தில்தான் சாப்பாடு போட்டேன். எல்லோரும் ருசியாக இருந்தது என்றார்கள்.

திகதி முடிந்ததும் விற்பேன் என்றுதான் இருந்தேன். ஒரு திகதி முடிந்தால் அடுத்தது அறிவிக்கப்படுகிறது. கனடாவிலிருந்து மகன், "அம்மா, எவ்வளவு அனுப்ப?" என்று கேட்கும்போது, "ஒண்டும் வேண்டாம்" என்று சொல்ல முடிகிறது. அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மத்தியானம் தரகர் அலுவலகத்துப் பெண் அழைத்தாள்.

"அன்ரி, சிகரெட்டை ஒவ்வொண்டா விக்கத் தடை வரப்போகுதெண்டு கதை. வரியும் கூடுமாம். விப்பமா?"

"அடுத்த டிவிடென்ட் எப்ப, பிள்ளை?"

"இன்னும் மூண்டு கிழமை இருக்கு."

"அது முடியட்டும்."

"போன முறையும் இதைத்தான் சொன்னீங்கள், அன்ரி!" என்று சிரித்தாள். அதற்கு முந்திய முறையும் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியாது. அப்போது அவள் அங்கே வேலைக்கு வரவில்லை.

பின்னேரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கீழே கடைக்கு இறங்கினேன். வேலை முடிந்து வந்த ஒருவர், கழுத்துப் பட்டியைத் தளர்த்திவிட்டு, கடைக்காரரிடம் ஒற்றைச் சிகரெட் வாங்கினார். அங்கேயே பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்தார். உடனே இருமினார், நெஞ்சின் அடியிலிருந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு. இருமல் அடங்கியதும் இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டார்.

பாணைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்து நின்றேன். முதலில் என் மனதில் வந்தது, இன்னும் வாங்குகிறார்கள் என்ற நிம்மதி. நீங்கள் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தீர்கள்.