எண்பத்தெட்டு கிலோ

பிள்ளை,

போன கிழமை பிரஷர் பார்க்க கிளினிக்குக்குப் போனேன். தராசில் ஏறியதும் நேர்ஸ் பிள்ளை வரிசை முழுவதற்கும் கேட்கும்படி, "நூற்றி நாலு, அங்கிள்" என்றாள். வழக்கமாகத் தராசு பிழை என்று வாதாடி நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் இறங்குவேன். அன்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதம்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் உன் தொழிலை வெள்ளவத்தையில் என்னைப் போல் விளக்கியவன் கிடையாது. "தங்கச்சியின்ட மகள் இண்டஸ்ட்ரியல் டிசைனர். மீன் செதிலில ஸ்டூல் செய்யிறாள். ஜப்பான்காரன் வாசலில நிக்கிறான்" என்பேன். ஜப்பானிலிருந்து வந்தது ஒரேயொரு ஈமெயில். முகத்துவாரத்து மீன்காரரிடமிருந்து நான் செதில் மூட்டை சுமந்தது மட்டும் உண்மை. பஸ்ஸில் என் பக்கத்து சீற் வீடு வரை காலியாகவே வந்தது.

கந்தசஷ்டி நாளில் அந்தச் செதிலை அவித்தாயே. மேல்வீட்டு அன்ரி இறங்கி வந்து, "விரதத்தில ஆர் மீன் அவிக்கிறது?" என்று கேட்டா. "முழங்கால் மருந்து, அன்ரி" என்றேன். அடுத்த நாள் தனக்கும் மருந்து வேண்டுமென்று வெறும் போத்தலோடு வந்து நின்றா.

செதில் அவிந்து வந்த பசையில் தென்னந்தும்பு கலந்து, அச்சில் அழுத்திப் பலகையாக்கினாய். எத்தனையோ முறை பிசகி, கடைசியில் கல் போல நின்றது. இரத்மலானையில் ஒரு தளபாடக் கம்பனி பார்க்க ஒத்துக்கொண்டது. ஸ்டூல் எவ்வளவு மெல்லிசாக நிற்கும் என்று காட்டுவதே உன் ஆசை.

"அண்டைக்கு நீங்கதான் ஏறி இருக்கப் போறீங்க மாமா. நிறை என்ன? சரியாச் சொல்லுங்கோ, அந்த அளவுக்குத்தான் செய்வன்."

"எண்பத்தெட்டு. எக்ஸசைஸ் செய்த உடம்பு."

"உங்களை எனக்குத் தெரியும். தொண்ணூற்றைஞ்சுக்குச் செய்யிறன்."

அன்று கிளினிக் கார்டில் நான் நூற்றிரண்டு.

கம்பனி ஐயாமார் முன்னால் ஸ்டூலில் ராசா மாதிரி ஏறி இருந்தேன். மூன்று எண்ணுவதற்குள் ஸ்டூலின் கால் முறிந்து, நான் தரையில் கிடந்தேன். "நொந்ததோ மாமா?" என்றுதான் முதலில் கேட்டாய். பிறகு அவர்களிடம், கலவையில்தான் பிழை என்று சிங்களத்தில் சொன்னாய். நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போதும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ செதிலைத் தொடவேயில்லை. அச்சைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் வாளிகளுக்குக் கைபிடி வரையும் வேலைக்குப் போனாய். டெங்கு வரும்வரை அதுதான். வார்டில் உண்மையை எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். "ஏதாவது புளுகுங்கோ மாமா, கேக்க ஆசையா இருக்கு" என்றாய். ஜப்பான்காரன் திரும்பவும் வந்திருக்கிறான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய்.

கிளினிக்கிலிருந்து நேரே உன்னோடு படித்த சிநேகிதியிடம் போனேன். உன் கொப்பி அவளிடம்தான் இருக்கிறது. ஸ்டூலில் ஏறிய அன்றைய என் உண்மை நிறையைச் சொன்னேன். கணக்குப் போட்டாள், மறுபடியும் போட்டாள்.

"தொண்ணூற்றைஞ்சுக்குச் செய்ததில நூற்றிரண்டு ஏறியிருக்கு. கலவை சரி, அங்கிள்."

'கலவை பிழை' என்று நீ எழுதிய பக்கத்தை விரித்துப் பேனையைத் தந்தாள். என் கோணல் எழுத்தில், 'கலவை சரி, மாமா சொன்ன நிறை பிழை' என்று எழுதினேன்.

அதைத்தான் இப்போது காண்பவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிகிறேன், பிள்ளை. "அங்கிள் புளுகத் தொடங்கிட்டார்" என்று சிரிக்கிறார்கள்.