தீர்மானம் இல்லாத பாதை

அக்கா,

நம் சுடுகாட்டுப் பாதையின் குறுக்கே இன்று காலை ஓர் இரும்பு கேட் நிற்கிறது. புதுப் பெயின்ட் வாசனை கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை வீசுகிறது. உன்னைத் திட்ட வேண்டும் போலிருந்தது, எழுதுகிறேன்.

காலனியிலிருந்து ஊராட்சித் தலைவரான முதல் ஆள் நீ. முழங்கால் சேற்றில் பிணம் தூக்கிய நாங்கள், நீ வந்த மறுநாளே ரோடு வருமென்று நம்பினோம். நீயோ கிராம சபை தீர்மானம் போட்டால்தான் ரோடு என்றாய். பாதை போகும் நிலத்துக்காரர் எதிர்த்தார். அவரையும் சபைக்குக் கூப்பிட்டுப் பேச விட்டாய். ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினேன்.

"பவர் உன் கையில இருக்குது. போட்டுட்டுப் போயேன்க்கா!"

"நான் போட்டா அது என் ரோடுபா. சபை போட்டாத்தான் நம்ம ரோடு."

"செத்தவன் காத்துக்கினு இருப்பானா?"

"இருப்பான். உன்ன மாதிரி கத்த மாட்டான்," என்றாய். ஆட்டோவே சிரித்தது.

பேசியே உன் பதவிக்காலம் போனது. உன்னைத் தோற்கடித்து வந்தவர் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவர். யாரையும் கேட்கவில்லை. நிலத்துக்காரரிடம் தனியாகப் பேசி, கைக்காசில் சிமென்ட் ரோடு போட்டார். ஜனம் மாலை போட்டது. அந்த ரோட்டின் மேல்தான் உன்னையும் சேறு படாமல் தூக்கிப் போனோம். எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

இப்போது அந்த நிலம் வீட்டுமனையாகிறது. கேட் போடத் தலைவர் தலையாட்டிவிட்டார். இதற்கும் யாரையும் கேட்கவில்லை. ஊராட்சிச் செயலாளர் கையை விரித்தார்: "தீர்மானமே இல்லியேப்பா. அவரு போட்டாரு, அவரு மூடுறாரு."

தெருவில் யாருக்கும் கோபமில்லை. "சாவு விழுந்தா தலைவருக்கு ஒரு போன் போடுடா, தொறந்துடுவாரு," என்கிறார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு கெஞ்சுவது அவர்களுக்கு வசதியாகத் தெரிகிறது.

அடுத்த கிராம சபையில் தீர்மானம் கேட்கப் போகிறேன். வீடு வீடாக ஆள் கூப்பிடுகிறேன். "பிரியாணி உண்டா?" என்கிறான் ஒருவன். இன்னொரு வீட்டில் தலைவர் எவ்வளவு தங்கமானவர் என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். எழுந்து வந்திருக்க வேண்டும். முழுக்க உட்கார்ந்து கேட்டேன். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி இது. பிடிக்கவில்லை, விடவும் முடியவில்லை.

நாளைக்கு நிலத்துக்காரர் வீட்டுக்குப் போகிறேன், சபைக்கு வந்து என்னை எதிர்த்துப் பேசச் சொல்லி.