காலை வண்டி தர்பார்

பிப்ரவரி 3, திங்கள்
வில்பட்டியிலிருந்து கொடைக்கானல் டவுனுக்குப் போகும் காலை மினிபஸ்ஸில் இன்று டிரைவர், கண்டக்டர் குமரகுரு, நான், ஒரு மூட்டை முள்ளங்கி. முள்ளங்கியாவது உம் கொட்டும் என்று என் காட்டுமாட்டுக் கதையை எடுத்துவிட்டேன். அசையவில்லை.

இரண்டு வருஷம் முன்பு வரை டவுன் வேலைக்குப் போகிற ஊரே இதில் தொங்கியது. இந்தப் பொன்னுவேல் நான் பேசினால் மலையே காது கொடுக்கும். இப்போது பூண்டுக் காட்டை விற்றவன் வத்தலக்குண்டில் வீடு வாங்கி இறங்கிவிட்டான். விற்காதவன் வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கி, வாசலில் இரண்டு பைக் நிறுத்திவிட்டான். ஊருக்குக் காசு வந்துவிட்டது. என் கதை அநாதையாகிவிட்டது.

பிப்ரவரி 6, வியாழன்
குமரகுரு குண்டைப் போட்டான். "மாமா, ஓனர் மாசக்கடைசி வரைக்கும் பார்ப்பாராம். ஆள் ஏறலேன்னா காலை டிரிப்பை நிப்பாட்டிருவாராம்."

நிப்பாட்டுவதா? என் தர்பாரையா? வேலை பார்க்கும் டவுன் லாட்ஜில் நான் ரோஜாச் செடிகளுக்குத் தளபதி. ஆனால் வாய் திறந்தால் மேனேஜர் முறைப்பார். வீட்டில் திறந்தால் கந்தம்மாள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். எனக்கு வேறு எங்கே நாடு இருக்கு?

பிப்ரவரி 9, ஞாயிறு
ஆள் பிடிக்கப் புறப்பட்டேன். பெங்களூரிலிருந்து வந்து குடியேறிய லேப்டாப் தம்பதிக்கு ஆபீஸே சாப்பாட்டு மேசையில்தானாம். சம்பளம் ஜன்னல் வழியாக மூடுபனியோடு வந்துவிடும் போல. பஸ் எதற்கு?

ஹோம்ஸ்டே முதலாளியான அண்ணன் மகன் ஜெயமுருகனைக் கூப்பிட்டேன். அவன் பழைய ஸ்கூட்டி ஒன்றைக் கொண்டுவந்து எனக்கே கொடுத்துவிட்டான். "வெரசா போயிரலாம், சித்தப்பா."

கந்தம்மாள் சிரிக்கிறாள். "இந்த மனுசன் ஹெல்மெட்டுக்குள்ளயே பேசிக்கிட்டுப் போவாரு, பாரு."

பிப்ரவரி 11, செவ்வாய்
ஸ்கூட்டியோடு ஓடையில் விழுந்தேன். குறுக்கே வந்தது சர்ச் கோபுர உயரத்தில் ஒரு காட்டுமாடு.

சரி. கோழி.

தூக்கிவிட்டது நடந்து வந்த ஒரு கூட்டம். ஜார்க்கண்ட்காரர்கள். வத்தலக்குண்டுக்கு இறங்கியவன் விற்ற பூண்டுக் காட்டில் இப்போது வரிசையாக ரூம் கட்டியிருக்கிறதே, அங்கே குடியிருப்பு. டவுன் ஹோட்டல்களில் வேலை. "ஏன் நடக்கிறீங்க? பஸ் இருக்கே?" என்றேன்.

சுக்மதி என்ற பெண்ணுக்குத் தமிழ் வருகிறது. "கை காட்டுறோம் மாமா, நிக்காது. ஸ்டாப் அங்க மேலே. ஏறிப்போய் ஏறணும்."

அடப்பாவிகளா! ஆள் இல்லாத இடத்தில் நின்று, ஆள் இருக்கிற இடத்தைத் தாண்டியா வந்துகொண்டிருந்தோம்?

பிப்ரவரி 12, புதன்
குமரகுரு மீது படையெடுத்தேன். "ஏலே, சனம் பூரா கீழ கெடக்கு!"

"அங்க ஸ்டாப் இல்லையே மாமா."

"நாளைக்கு அங்க நான் நிப்பேன். என்னய விட்டுட்டுப் போயிருவியா?"

பிப்ரவரி 13, வியாழன்
நின்றேன். வண்டியும் நின்றது. பின்னாலேயே சுக்மதி கூட்டம் மொத்தமும் ஏறியது. எனக்கு உட்கார இடமில்லை! ஆகா!

பிப்ரவரி 20, வியாழன்
காட்டுமாட்டுக் கதை அரங்கேற்றம். சுக்மதி அவர்கள் பாஷையில் மாற்றிச் சொன்னாள். நான் சொல்லும்போது வராத சிரிப்பெல்லாம் அவள் சொல்லும்போது வந்தது. வழியில் மாட்டை இன்னும் வளர்த்துவிட்டாளோ?

மார்ச் 3, திங்கள்
காலை டிரிப் நிற்காது! ஓனரே வந்து ரூம் வாசலில் ஸ்டாப் போர்டு மாட்டினார். ஸ்கூட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெற்றி விழாவாகக் காட்டுமாட்டை எடுத்தேன். சுக்மதி கையமர்த்தினாள். "இன்னைக்கு நான், மாமா."

அவள் கல்யாணத்தன்று ஒரு யானை பந்தலுக்குள் நுழைந்து, விருந்துச் சோறு முழுவதையும் தின்றுவிட்டு, மணவறையிலேயே படுத்துத் தூங்கிவிட்டதாம். குறட்டையில் பந்தல் ஏறி ஏறி இறங்கியதாம். மாப்பிள்ளை வீட்டார் வெளியே நிற்கிறார்கள்; எழுப்ப யாருக்கும் தைரியமில்லை...

அண்டப்புளுகு! நான் வாயைப் பிளந்துகொண்டு "அப்புறம்?" என்று கேட்டுவிட்டேன். நான்! அதற்குள் டவுன் வந்துவிட்டது.

நாளை வெள்ளனே எழுப்பச் சொல்லியிருக்கிறேன். "அம்புட்டு வெள்ளனே என்ன சோலி?" என்கிறாள் கந்தம்மாள்.

என்ன சோலியா? யானை இன்னும் எந்திரிக்கலையே.